அம்மாவின் கேனில் அப்பாவின் வாசனை

எங்கள் வீட்டில் இரண்டு வாசனைகள் இருந்தன. மாலையில் அப்பா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டியதும் கூடம் முழுக்கப் பரவி, மூக்கின் உச்சியைச் சுருக்கென்று தொட்டுவிட்டு, விளக்கு வைப்பதற்குள் காணாமல் போய்விடுவது பெட்ரோல் வாசனை. அம்மாவின் புடவைத் தலைப்பிலும் விரல் இடுக்குகளிலும், எத்தனை முறை சோப்புப் போட்டாலும் போகாமல், கனமாகவும் கொஞ்சம் தித்திப்பாகவும் ஒட்டிக்கொண்டிருப்பது "கிருஷ்ணாயில்" வாசனை. மண்ணெண்ணெயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ரேஷன் கடையில் அதை நீலமாக ஊற்றியதால், கிருஷ்ணருக்கும் அதற்கும் ஏதோ உறவு இருக்கவேண்டும் என்று மூன்றாம் வகுப்புவரை நம்பிக்கொண்டிருந்தேன். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தாலும் என் பின்னால் வந்து நிற்பது யார் என்று சொல்லிவிடுவேன். அது ஒரு திறமை என்று அப்போது எனக்குத் தெரியாது.

நாங்கள் இருந்தது அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய ஓட்டு வீட்டில். அப்பாவுக்குத் திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருசக்கர வண்டிகள் பழுது பார்க்கும் கடை. அப்பாவின் தங்கை மல்லிகா அத்தை எங்களோடுதான் இருந்தாள். பௌர்ணமிதோறும் அம்மாவும் அத்தையும் வீட்டு வாசலில் கீற்றுப் பந்தலுக்குக் கீழே இட்லிக் கடை போடுவார்கள். வெயில் சாயத் தொடங்கியதும் மலையைச் சுற்ற வருகிறவர்களின் வெறுங்காலடி ஓசை கேட்க ஆரம்பித்துவிடும். அதற்குள் முதல் ஈடு வெந்து இறங்கியிருக்கவேண்டும் என்பது அம்மாவின் சட்டம். அரைத்த மாவு இரண்டு அண்டா, சாம்பாருக்குப் பருப்பு, கழுவிக் கவிழ்த்த டம்ளர்கள், மந்தாரை இலைக் கட்டு, எல்லாவற்றுக்கும் நடுவில் பித்தளை வயிறும் மூன்று கால்களுமாகப் "பம்ப் ஸ்டவ்". நான் இவற்றை நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்து ஒவ்வொன்றாக டிக் அடிப்பேன். எதையும் பட்டியலாக்கினால்தான் எனக்கு நிம்மதி, இன்றைக்கும் அப்படித்தான்.

அந்த அடுப்பை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பித்தளை வயிற்றில் மண்ணெண்ணெயை ஊற்றி மூடியைத் திருகிவிட்டுப் பம்பை அடித்தால், உள்ளே காற்று நெருக்கி எண்ணெயை மேலே தள்ளும். சூடேறிய குழாயில் அது ஆவியாகி, ஊசிமுனைத் துளை வழியே சீறி வந்து நீலமாக எரியும். அது எரிகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அம்மாவும் அத்தையும் போட்ட சண்டைகளில் பாதி, சண்டையே இல்லை. அடுப்பை மீறிக் கத்தியதுதான்.

நான் பத்தாம் வகுப்புப் படித்தது தொண்ணூறுகளின் பிற்பாதியில். அந்த ஆண்டு வேதியியல் வகுப்பில் பெட்ரோலியம் வந்தது. கடலடியில் புதைந்த நுண்ணுயிர்கள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணின் பாரத்திலும் சூட்டிலும் கிடந்து கறுப்புக் குழம்பாக மாறியது கச்சா எண்ணெய். அதில் இருப்பவை பெரும்பாலும் ஹைட்ரோகார்பன்கள். அதாவது கார்பன் அணுக்கள் கைகோத்து நிற்க, சுற்றிலும் ஹைட்ரஜன் ஒட்டிக்கொண்டிருக்கும் சங்கிலிகள். சங்கிலி குட்டையாக இருந்தால் லேசு, சீக்கிரம் ஆவியாகும். நீளம் கூடக் கூடக் கனம், கொதிக்க அதிகச் சூடு வேண்டும். எண்ணெயை உலையில் காய்ச்சி உயரமான கோபுரத்துக்குள் விட்டால், லேசான ஆவிகள் குளிர்ந்த உச்சிவரை ஏறும். கனமானவை வழியிலேயே, தத்தம் தட்டில் திரவமாகிவிடும். கரும்பலகையில் டீச்சர் அந்தக் கோபுரத்தை வரைந்தபோது வகுப்பில் பலரும் தூங்கி வழிந்தார்கள். எனக்கோ எங்கள் வீட்டையும் ஊரையும் யாரோ செங்குத்தாக நிற்கவைத்துப் படம் போட்டதுபோல இருந்தது.

அன்றைக்கே பட்டியல் போட்டேன். எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று நான்கு கார்பன்களோடு, லாட்ஜ்காரர்கள் வைத்திருந்த சமையல் வாயு. அடுத்து, ஐந்திலிருந்து பத்துச் சொச்சம்வரை, அப்பாவின் பெட்ரோல். அதற்குக் கீழே, கொஞ்சம் நீளமாக, அம்மாவின் கிருஷ்ணாயில். அதற்கும் கீழே கீழ்பென்னாத்தூர் பஸ் குடிக்கும் டீசல். பிறகு அப்பாவின் நகக்கண்ணில் கறுத்துக் கிடக்கும் எஞ்சின் ஆயில், கரண்ட் போனால் ஏற்றும் மெழுகுவத்தி, கடைசியாக, எதற்கும் ஆவியாகாமல் அடியில் தங்கிப்போய், எங்கள் வாசலில் கிரிவலப் பாதைக்குப் போடப்பட்டிருந்த தார். அந்தத் தாளைச் சமையலறைச் சுவரில் ஒட்டினேன். மல்லிகா அத்தை மறுநாளே அதன்மேல் ஆணி அடித்து ஜல்லிக் கரண்டியை மாட்டினாள். "வெறும் சுவத்துல மாட்டுனா மதிப்பில்லடி. இப்ப பாரு, கரண்டியும் படிக்குது" என்றாள்.

படித்த சூட்டில் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்லிவிடவேண்டும். காற்று போதாமல் எரியும் ஹைட்ரோகார்பன் மஞ்சளாக எரியும், கரி கக்கும், நச்சு வாயுவும் உண்டாகும் என்று பாடத்தில் இருந்தது. ஒரு பௌர்ணமியில், இரண்டாவது அடுப்பாக வைத்திருந்த திரி ஸ்டவ் மஞ்சளாக எரிவதைப் பார்த்தேன். உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில், இட்லிப் பானையை இறக்கிவிட்டு ஈரச் சாக்கை அடுப்பின்மேல் போட்டேன். ஐம்பது இட்லியும் பாதி வேக்காட்டில் நின்றுபோய் மாட்டுக்குப் போயின. அடுப்பு மஞ்சளாக எரிந்ததற்குத் திரியைக் கத்தரிக்காததுதான் காரணம். ஒரு நிமிட வேலை. வரிசையில் நின்றவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்தார்கள். அன்றிலிருந்து அத்தைக்கு நான் "ஃபயர் சர்வீஸ்". அம்மா சிரிக்கவில்லை. "இனிமே கடை போடற நாள்ல அடுப்பண்ட நீ வரக்கூடாது. உன் படிப்பு உன்னோட, என் அடுப்பு என்னோட" என்று மட்டும் சொன்னாள். அந்த வீட்டில் என் சொல்லுக்கு இருந்த கொஞ்ச மதிப்பும் அந்தச் சாக்கோடு நனைந்துபோனது.

அதற்கு அடுத்த பௌர்ணமிதான் நான் சொல்ல வந்தது.

மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது, எல்லாவற்றிலும் ஈரம். பிற்பகல் இரண்டு மணி இருக்கும். பள்ளி விடுமுறை. நான் எனக்கு விதிக்கப்பட்ட எல்லைக்குள், அதாவது குழாயடியில், டம்ளர் கழுவிக்கொண்டிருந்தேன். அம்மாவின் கையெல்லாம் மாவாக இருந்ததால், அத்தைக்குப் புனலைப் பிடிக்க ஆள் இல்லை. "ஃபயர் சர்வீஸ், வா. புனலை மட்டும் புடி. வேற எதையும் அணைச்சிடாத" என்று கூப்பிட்டாள். நான் பித்தளை வயிற்றின் வாயில் புனலை வைத்துப் பிடித்தேன். அத்தை பத்து லிட்டர் கேனைச் சாய்த்தாள். நீலமாக, எப்போதும்போல, எண்ணெய் இறங்கியது.

அப்பா வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாரும் இல்லை. ஆணியில் சட்டையும் இல்லை. மூக்கின் உச்சியில் அந்தச் சுருக். குனிந்து புனலை மோந்தேன். அம்மாவின் கேனிலிருந்து அப்பாவின் வாசனை வந்துகொண்டிருந்தது.

"அத்தை, நிறுத்து. இதுல பெட்ரோல் கலந்திருக்கு."

"ஆரம்பிச்சிட்டா" என்றாள் அத்தை, கேனை நிமிர்த்தாமலே. "அண்ணி, உன் பொண்ணு மோப்பம் புடிக்கறா."

அம்மா எட்டிப் பார்த்தாள். "நீலமாதானே இருக்கு? ரேஷன்ல வாங்கினதுதான். கையை எடு, நேரமாவுது."

அந்த நீலத்தில்தான் சிக்கல். நீலம் எண்ணெயின் நிறம் இல்லை. ரேஷன் எண்ணெய் என்று அடையாளம் தெரிவதற்காகச் சேர்க்கும் சாயம். அதில் கொஞ்சம் பெட்ரோல் கலந்தால் நீலம் அப்படியேதான் இருக்கும். ஆனால் எண்ணெய் அப்படியே இருக்காது. மண்ணெண்ணெய், காய்ச்சினாலொழிய, தீக்குச்சியைக் கண்டதும் பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆவி விடாது. அந்தச் சோம்பலை நம்பித்தான் அதை அடுப்புக்குள் அடைத்துப் பம்ப் அடிக்கிறோம். பெட்ரோல் உட்கார்ந்த இடத்திலேயே ஆவி விடும். மூடிய வயிறு, உள்ளே நெருக்கும் காற்று, மேலே நெருப்பு, முன்னால் குனிந்த அம்மாவின் முகம். இதெல்லாம் எனக்குத் தெரிந்தது. ஆனால் போன மாதம் ஐம்பது இட்லியை மாட்டுக்குப் போட்ட ஒருத்தி இதைச் சொன்னால் யார் கேட்பார்கள்? பாடத்தைச் சொல்லி இனி பயனில்லை என்று புரிந்தது.

அடுப்பின் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். "அம்மா, ஒரே ஒரு தடவை. உன் ரெண்டு கையையும் நீட்டு. அப்புறம் நான் அடுப்பண்டயே வரமாட்டேன்."

"கைரேகை பாக்கப் போறா போல" என்றாள் அத்தை.

அம்மா என்ன நினைத்தாளோ, மாவுக் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு நீட்டினாள். மாடத்தில் இருந்த அரிக்கேன் விளக்கில் பழைய எண்ணெய் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதில் இரண்டு சொட்டு இடது புறங்கையில். கேனில் இருந்ததில் இரண்டு சொட்டு வலது புறங்கையில். "ஊது" என்றேன். அம்மா இரண்டையும் மாறி மாறி ஊதினாள். இடது கையில் எண்ணெய் பிசுபிசுவென்று அப்படியே இருந்தது. வலது கையை ஊதியதும் அவள் முகம் மாறியது.

"ஜில்லுனு இருக்குதுடி" என்றாள்.

லேசான சங்கிலிகள் ஆவியாகும்போது தோலின் சூட்டை எடுத்துக்கொண்டு போகும் என்ற விளக்கத்தை நான் சொல்லவில்லை. அம்மா வலது கையை மூக்கருகே கொண்டுபோனாள். பதினேழு வருடம் அந்தச் சட்டைகளைத் துவைத்தவளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்க? "இது அவரு சட்டை வாசனை" என்று மெதுவாகச் சொன்னாள். அத்தை கேனை நிமிர்த்திக் கீழே வைத்தாள்.

பௌர்ணமி அன்று அப்பா அரைநாளோடு கடையைப் பூட்டிவிட்டு வருவார். சிறிது நேரத்தில் இலைக்கட்டை மொபெட்டின் முன்னால் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். கேட்டதும் ஒளிக்கவெல்லாம் இல்லை. நல்ல செய்தியைச் சொல்ல மறந்துவிட்டவர்போல முகம் மலர்ந்தது.

"ஆமா, நான்தான் ஊத்துனேன். ஆறு மாசமா ஓடாத வண்டி ஒண்ணு வந்துச்சி. டேங்க்ல ரெண்டு லிட்டர் பழைய பெட்ரோல். வண்டிக்காரர் கொட்டிடுன்னாரு. எண்ணெயைக் கொட்டலாமா? நீதான் மழையில அடுப்பு புடிக்கவே மாட்டேங்குதுன்னு அழுதியே. இப்ப பாரு, ஒரே குச்சியில புடிக்கும்."

"புடிக்கும்ணே" என்றாள் அத்தை. "வீடே புடிக்கும்."

அப்பாவுக்குப் புரியவில்லை. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்து விற்பவர்களை அவர் வாயில் வராத வார்த்தை சொல்லித் திட்டுவார். புகையைப் பார்த்தே கலப்படத்தைக் கண்டுபிடிப்பார். "மட்டத்தை உசத்தியில கலந்தாதானே தப்பு? உசத்தியை மட்டத்துல ஊத்துனா இன்னா? அதுக்கு நல்லதுதானே?" என்று உண்மையாகவே கேட்டார். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். விலை கூடியது உசத்தி, உசத்தியைச் சேர்த்தால் எதுவும் கூடும், பாலில் நெய்போல. நான் சுவரில் கரண்டிக்குப் பின்னால் இருந்த பட்டியலை எடுத்துவந்து காட்டினேன். "உசத்தி, மட்டம்னு இதுல எதுவும் இல்லப்பா. லேசு, கனம். அவ்ளோதான். லேசானது நெருப்பு வரவரைக்கும் காத்துகினு இருக்காது. அதுவே எழுந்து நெருப்பைத் தேடிப் போவும்." அப்பா பட்டியலைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தார். அவள் முகத்துக்கு முன்னால் எரியும் அடுப்பு மட்டும் இல்லை. மற்றபடி அவள் எங்கே குனிந்திருப்பாளோ அங்கேயே உட்கார்ந்திருந்தாள். அவர் அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார்.

அம்மாதான் முதலில் எழுந்தாள். "மாவு பொங்கி நிக்குது. உக்காந்து அழுதா இட்லி வேகாது. கலை, இப்ப இன்னா பண்ணலாம், சொல்லு."

என்னை அம்மா அப்படிக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் நோட்டை எடுத்து எழுதவில்லை, ஆனால் பட்டியல் தானாக வந்தது. அடுப்பில் ஊற்றியதைக் கேனிலேயே திருப்பி ஊற்றி மூடிவிட வேண்டும். கேன் வீட்டுக்குள் இருக்கக்கூடாது. கொல்லையில், பந்தலிலிருந்து தூரமாய், நிழலில். சிந்தின இடத்தில் மண் போட வேண்டும். ஆவி போகட்டும் என்று கதவு ஜன்னலைத் திறந்துவிட வேண்டும். அதன்பிறகு, காற்று எதிர்ப்பக்கம் போகிற இடமாகப் பார்த்து, வாசலின் மறுகோடியில் கல் கூட்ட வேண்டும். அப்பா ஒவ்வொன்றாகச் செய்தார். அத்தை பக்கத்து வீட்டிலிருந்து சவுக்குக் கட்டைகளை வாங்கிச் சுமந்து வந்தாள். மூன்று கல், நடுவில் காய்ந்த தேங்காய் மட்டை, மேலே இட்லிப் பானை.

அம்மா தீக்குச்சியை எடுத்தாள். வழக்கம்போல மலையைப் பார்த்து ஒரு கும்பிடு. பிறகு குச்சியைக் கிழிக்காமல் என் பக்கம் திரும்பினாள்.

"ஏத்தலாமா?"

நான் குனிந்து கல்லைச் சுற்றி மோந்து பார்த்தேன். சவுக்கு, மட்டை, ஈர மண். "ஏத்தும்மா."

முதல் ஈடு இறங்கியபோது பாதையில் கூட்டம் சேர்ந்துவிட்டது. இட்லியில் லேசாகப் புகைநெடி இருந்தது. வெளியூர்க்காரர் ஒருவர் மூன்றாவது முறையாக இலையை நீட்டி, விறகடுப்பு இட்லிக்கு இருக்கும் ருசி வேறு எதற்கும் இல்லை என்றார். "ஆமாங்க, நாங்க எப்பவுமே விறகுலதான்" என்று அத்தை கூசாமல் சொன்னாள்.

கதை அதோடு முடிந்திருக்கலாம். நான் விடவில்லை. கொல்லையில் இருந்த கேனைப் பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேறு வேறு சூட்டில் கொதிப்பவை. மெதுவாகக் காய்ச்சினால் லேசானது முதலில் போய்விடும், மிச்சம் நல்ல எண்ணெய். பின்னக் காய்ச்சி வடித்தல் என்று பாடத்தில் ஆறு மதிப்பெண் கேள்வியே இருக்கிறது. குக்கரும் ரப்பர் குழாயும் இருந்தால் போதும் என்று மறுநாள் அம்மாவிடம் சொன்னேன்.

"எண்ணெயைப் பிரிக்கறேன்னு வீட்டுக் கூரையைப் பிரிச்சிடாத" என்றாள் அம்மா. "அதுக்குன்னு இடம் எங்கனா இருக்குமில்ல? அங்க போயி பிரி."

கேனை அப்பா கடைக்கு எடுத்துப்போய்ச் செயினும் பேரிங்கும் கழுவப் பயன்படுத்திக்கொண்டார். அம்மா சொன்னதை நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது எனக்கு வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. கடலோரத்தில் இருக்கும் ஒரு சுத்திகரிப்பு ஆலையில் பொறியாளர். கரும்பலகையில் பார்த்த அந்தக் கோபுரம், எங்கள் ஊர்க் கோபுரங்களைப்போல அண்ணாந்து பார்க்கும் உயரத்தில், என் பொறுப்பில் நிற்கிறது. பாடப் புத்தகம் சொல்லாத ஒன்றை அங்கே போய்த்தான் கற்றேன். கோபுரம் எதையும் கத்தியால் வெட்டியதுபோலப் பிரிப்பதில்லை. மண்ணெண்ணெய்த் தட்டிலிருந்து எடுக்கும்போதே கூடவே கொஞ்சம் பெட்ரோல் இனமும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அதைப் பக்கத்தில் உள்ள சிறிய கலத்தில் விட்டு, அடியிலிருந்து நீராவியைச் செலுத்தி, லேசானவற்றை மட்டும் கோபுரத்துக்கே திருப்பி அனுப்புவோம். இட்லிப் பானையில் ஆவி கீழிருந்து மேலே போவதுபோலத்தான். பிறகு மாதிரி எடுத்து, எந்தச் சூட்டில் அதன் ஆவி பொறியைப் பிடிக்கிறது என்று சோதிப்போம். "ஃப்ளாஷ் பாயின்ட்" என்று பெயர். அந்த எண் குறைந்தால் ஒரு லிட்டர்கூட வெளியே போகாது. அந்தச் சோதனைத் தாளில் கையெழுத்துப் போடும்போதெல்லாம், முகம் தெரியாத யாரோ ஒரு பெண்மணி பித்தளை அடுப்புக்கு முன்னால் குனிந்திருப்பது எனக்குத் தெரிகிறது.

எங்கள் வீட்டில் அந்தப் பித்தளை அடுப்பு இப்போது இல்லை. அது இருந்த இடத்தில் சிலிண்டர் நிற்கிறது. என் பட்டியலின் உச்சியில் லாட்ஜ்காரர்களுக்கென்று எழுதியிருந்தது அம்மாவின் பந்தலுக்கே இறங்கி வந்துவிட்டது. அந்தச் சீறல் போனதால் அம்மாவும் அத்தையும் இப்போது மெதுவாகப் பேசிச் சண்டை போடுகிறார்கள். நீலக் கேனை வெட்டி அத்தை துளசி வைத்திருக்கிறாள். ரேஷன் அட்டையில் மண்ணெண்ணெய்ப் பக்கம் வெறுமையாக இருக்கிறது. அப்பா கடையைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்துவிட்டதால் சட்டையில் சலவைத்தூள் வாசனைதான். அம்மாவின் புறங்கையை மோந்தால் கறிவேப்பிலை. கண்ணை மூடிக்கொண்டால், பின்னால் வந்து நிற்பது யார் என்று இப்போது என்னால் சொல்லமுடிவதில்லை.

போன பௌர்ணமிக்கு விடுப்பில் போயிருந்தேன். மாவு பொங்கியிருந்தது. பாதையில் முதல் காலடிகள் கேட்கத் தொடங்கின. அம்மா அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, லைட்டரைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அத்தை உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "ஃபயர் சர்வீஸ், சீக்கிரம் வாடி. நீ மோந்து பாக்காம உங்கம்மா பத்த வெக்க மாட்டா."

நான் குனிந்து, ரெகுலேட்டர் அருகிலும் குழாய் நெடுகிலும் மோந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"ஏத்தலாமா?" என்றாள் அம்மா.

"ஏத்தும்மா."